பிடித்தவரும் விழுவார்

ஜூன் 3

போனை எடுக்காத அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

பதினோரு முறை அழைத்தேன். மணி முழுவதும் அடித்து ஓய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்ததில், நீ ஞாயிறு காலையிலேயே செடிகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். எந்தச் செடிக்கு எத்தனை குவளை தண்ணீர் என்பதுவரை சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை.

இது நம் கதையாட்டத்தைப் பற்றிய கடிதம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்து.

சனிக்கிழமை மாலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. வழக்கம்போல நான் கதைசொல்லி, நீங்கள் மூவரும் ஆட்டக்காரர்கள். தையல்காரர் வில்லாளி. மருந்துக்கடை அம்மா மந்திரக்காரி. நீ மல்யுத்தக்காரி மல்லி. மூன்று வருடமாக நடந்துவரும் கதையில் அன்றுதான் கோட்டைப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒற்றைக்கொம்பன் என்ற அரக்கன் வழியை மறித்தான். மல்லி அவனை இடுப்போடு பிடிப்பதாகச் சொன்னாய். இருபது முகப் பகடையில் பதினெட்டு விழுந்தது, ஆகவே பிடி செல்லும். அடுத்து வில்லாளி எய்தார். அரக்கன் தடுமாறிப் பாலத்தின் விளிம்பிலிருந்து சரிந்தான். என் நோட்டில் பிடிச் சண்டை என்ற பகுதியில் ஏழாம் விதி இப்படி இருக்கிறது: "பிடிபட்டவர் விழுந்தால் பிடித்தவரும் விழுவார்." அதன்படி மல்லியும் விழுந்தாள் என்று தீர்ப்புச் சொன்னேன். இருநூறு அடிப் பள்ளம். மல்லி இறந்தாள். நீ பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாய்.

கதை ஜூலை முதல் சனிக்கிழமை முடிகிறது. கோட்டைக்குள் நுழைய மூன்று பேர் வேண்டும். புதிதாக ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டு நீ வரலாம், விதி இடம் தருகிறது. தையல்காரரின் மைத்துனர் உன் நாற்காலியைக் கேட்கிறார். வருவாயா, மாட்டாயா, அதை மட்டும் எழுது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

என் எழுத்து புரியவில்லை என்றால் கண்ணாடியை மாற்று. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது யாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப என்று உனக்கே தெரியும். இந்த ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது, ஆனாலும் போனை எடுக்க மாட்டேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில், பகடையில் விழுந்தது பதினெட்டு இல்லை, பதினேழு. எனக்குச் சாதகமான தப்பு என்று திருத்தாமல் விட நான் என்ன உன்னைப் போலவா?

இரண்டாவது, கிணற்றடி உடும்பு. மறந்துவிட்டாயா? போன வருடத்துக்கு முந்தின வருடம், அக்டோபரில் இரண்டாம் சனிக்கிழமை. தையல்காரர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை, மருந்துக்கடை அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார். அன்றைக்குக் கதையில் ஆள் உயர உடும்பு ஒன்று வந்தது. தையல்காரரின் வில்லாளி அதன் வாலைப் பிடித்தார். நான் உதைத்தேன். உடும்பு கிணற்றுக்குள் விழுந்தது. வில்லாளி விழுந்தாரா? இல்லை. கிணற்றுச் சுவரில் நின்று எட்டிப் பார்த்தார். நீ உன் வாயால் சொன்னது இது: "கைக்கு எட்டாத தூரம் போயிடுச்சு, அதனால பிடி விட்டுப்போச்சு." தையல்காரருக்கு விட்டுப்போகும் பிடி அக்காவுக்கு மட்டும் விட்டுப்போகாதா?

மூன்றாவது, ஆளைப் பிடிப்பது எனக்கு நோட்டில் படித்த விஷயம் இல்லை. இருபத்தாறு வருடம் மனநல வார்டில் ஆயாவாக இருந்தவள் நான். நம் ஆட்டம் தொடங்கிய முதல் மாதம், மல்லி ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்தாள். பிடிபட்டவனால் கத்தியை வீச முடியாது என்று நீ தீர்ப்புச் சொன்னாய். எனக்கு லாபமான தீர்ப்பு. நான்தான் மறுத்தேன். "பிடிச்சா ஆள் நகர முடியாது, அவ்வளவுதான். கையும் வாயும் சும்மா இருக்குமா? இங்க பாரு" என்று முழங்கையில் இருக்கும் பல் தடத்தைக் காட்டினேன். நீ ஆட்ட விதிகள் உள்ள பெரிய புத்தகத்தை எடுத்துக் கால் மணி நேரம் புரட்டினாய். அக்கா சொல்வதுதான் சரி, நகரத்தான் கூடாது, அடிக்கலாம் என்றாய். அந்தக் கொள்ளைக்காரன் மல்லியை மூன்று முறை குத்தினான். நான் வாயைத் திறந்தேனா?

நியாயமான குத்தை வாங்கிக்கொள்வேன். இது நியாயமில்லை.

அக்கா

இங்கே எல்லோரும் சுகம். நீ கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.


ஜூன் 14

அக்காவுக்கு,

விசாரித்தேன். உடும்பு விஷயம் மருந்துக்கடை அம்மாவுக்கு நினைவில்லை. தையல்காரருக்கு இருக்கிறது. "நான் விழலை சார், விழுந்திருந்தா இன்னிக்கு எப்படி உங்க எதிர்ல உட்கார்ந்திருப்பேன்" என்றார். பட்டனைப் பற்றியும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, தையல்காரர் சட்டையிலேயே பட்டன் இல்லை என்ற அந்தக் கேலி அவருக்கு இன்னும் உறுத்துகிறது. எழுந்து கடையின் உள்பக்கம் போனவர் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது.

அன்று நான் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது தவறான தீர்ப்பு. வாயால் சொன்னது ஒன்றும் எழுத்தில் இருப்பது ஒன்றும் என்றால் எழுத்துதான் நிற்கும். அந்நிய மொழியில் இருந்த பெரிய புத்தகத்தை உங்களுக்காக வரி வரியாகத் தமிழில் எழுதியவன் நான். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்தவன். அடுத்தவர் பிழையைப் பிடித்துச் சம்பாதித்த சோறு அது. என் நோட்டில் பிழை இருக்காது.

மைத்துனர் இரண்டாம் முறை கேட்டுவிட்டார்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

எழுத்து நிற்கும் என்கிறாய். எந்த எழுத்து? இப்போது உன் கையில் இருக்கும் நோட்டுக்கு நீல அட்டை. ஆட்டம் தொடங்கிய நாளில் நீ வாசித்தது சிவப்பு அட்டை நோட்டிலிருந்து. நான் வேகமாகப் படிக்கத் தெரியாதவள் என்பதால்தானே எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினாய்? நான் கேட்டது கேட்டபடி இருக்கிறது. எழுதுகிறேன், சரிபார்.

ஒன்று, பிடிக்க ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். இரண்டு, தன்னைவிட இரண்டு மடங்கு பெரியவரைப் பிடிக்க முடியாது. மூன்று, பிடிபட்டவர் நகர முடியாது. நான்கு, பிடித்தவர் அவரை இழுத்துக்கொண்டு பாதி வேகத்தில் போகலாம். ஐந்து, பிடிபட்டவர் தன் முறை வரும்போது திமிறிப் பார்க்கலாம். ஆறு, பிடித்தவர் நினைத்த நேரத்தில் விட்டுவிடலாம். ஏழு, பிடிபட்டவர் விழுந்தால் பிடித்தவர் விடுவார்.

விடுவார். விழுவார் இல்லை.

எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்பாய். ஏழாவதை நீ வாசித்ததும் மருந்துக்கடை அம்மா, "பிடிச்சவர்னா யாருக்குப் பிடிச்சவர் சார்? எனக்குப் பிடிச்சவர் என்னை விட்டுட்டுப் போய் அஞ்சு வருஷம் ஆச்சே" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அவர் சிரித்ததால் நாமும் சிரித்தோம். தையல்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. "விழுவார்" என்று நீ வாசித்திருந்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்திருக்கும்? நீ ஏன் நோட்டை மாற்றினாய், மாற்றும்போது என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஏழாவது எப்படியோ போகட்டும், ஆறாவது என்ன ஆயிற்று? நினைத்த நேரத்தில் விடலாம் என்றால், அவன் சரியும்போது நீ என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். விடுகிறாயா என்று கேட்டிருக்க வேண்டும். வார்டில் சேர்ந்த முதல் நாள் பெரிய நர்ஸ் எனக்குப் பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, விடுவதைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஊசி இறங்கியதும் எந்த விரலை முதலில் தளர்த்துவது, அவர் சரிந்தால் நம் உடம்பை எந்தப் பக்கம் ஒதுக்குவது, இதெல்லாம். இருபத்தாறு வருடத்தில் நூறு பேரைப் பிடித்திருப்பேன். விட்டதும் நான்தான். மல்லிக்கு விடத் தெரியாது என்று நீயாக முடிவு செய்துவிட்டாய்.

புது ஆளை உருவாக்க மாட்டேன். ஒருத்தியைக் கொன்றுவிட்டு இன்னொருத்தியை எடுத்துக்கொள் என்றால் அது என்ன கத்தரிக்காயா? மல்லி இருந்தால் நான் வருவேன். இல்லையென்றால் நாற்காலியை மைத்துனருக்கே கொடு. இடது பக்கக் கால் ஆடும் என்று சொல்லிக் கொடு, விழுந்து வைக்கப்போகிறார்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

இந்தக் கடிதத்தில் மூன்றாம் வகுப்பு வரவில்லையே என்று இரண்டு முறை தேடினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சிவப்பு நோட்டு கிடைத்தது. பழைய காலண்டர்களுக்கு அடியில் இருந்தது. போன வருட மழையில் சன்னல் ஓரம் நனைந்து போனதால்தான் நீல நோட்டில் நகல் எடுத்தேன். ஏழாம் விதிக்கு மேல் மை கரைந்து ஓடியிருக்கிறது. "விடுவார்" என்பதில் உள்ள "டு" கரைந்து பெருத்து "ழு" போலக் கிடக்கிறது. நகல் எடுக்கும்போது அதை "விழுவார்" என்று படித்திருக்கிறேன். "பிடிபட்டவர் விழுந்தால் பிடித்தவர் விழுவார்." எழுதியதும் வாக்கியம் நொண்டுவது போல இருந்திருக்கும். உடனே ஒரு "உம்" சேர்த்தேன். "பிடித்தவரும் விழுவார்." வாக்கியம் நேராகிவிட்டது. அச்சகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன், பிழையைக் கண்டால் மூலத்தைப் பார், நீயாக அழகுபடுத்தாதே என்று. மூலமான பெரிய புத்தகம் அலமாரியில் இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இப்போது பெரிய புத்தகத்தையும் பார்த்துவிட்டேன். பிடிபட்டவர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் பிடி முடிந்தது என்றுதான் அதிலும் இருக்கிறது.

மல்லி விழவில்லை. தீர்ப்பு தவறு. உன் பதினேழும் சரி, தையல்காரர் நினைவில் வைத்திருக்கிறார்.

இவ்வளவுதான் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு பிரித்துவிட்டேன். மீதியையும் எழுதாவிட்டால் இதுவும் அழகுபடுத்திய பிழையாகிவிடும்.

அன்று பாலத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் நீ முகம் கழுவ உள்ளே போனாய். அப்போது மருந்துக்கடை அம்மா கேட்டார்: "அக்கா மூணு மாச மாத்திரையை மொத்தமா வாங்கிட்டாங்க. இனிமே பொண்ணு வீட்டுலதானாமே. நீங்க தனியா என்ன செய்யப் போறீங்க சார்?" எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எங்கடா விட்டோம்" என்று கேட்டாய். ஒன்றுமே நடக்காதது போல.

அரக்கன் சரிந்ததும் தையல்காரர் மெதுவாகச் சொன்னார், கிணற்றடியில் அப்படி இல்லையே என்று. என் காதில் விழுந்தது. எனக்கும் ஏதோ இடறியது. எழுந்து பெரிய புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நோட்டில் நான் எழுதியது எனக்கு அப்போது வசதியாக இருந்தது. நீ எதையும் சொல்லாமல் போகிறாய், உன் மல்லியும் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அறுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு புத்தி. தீர்ப்பை வாசித்தபோது என் குரல் கூட நடுங்கவில்லை. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை அந்தப் பாலத்திலேயே விட்டுவிட்டேன்.

ஆனால் நீ சொன்னது போல, கேட்க வேண்டிய இன்னொன்றைக் கேட்கிறேன். ஆட்டத்தை அந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன். மற்ற இருவரும் சம்மதித்துவிட்டார்கள். தையல்காரர் எய்த அம்பு தோளில் தைத்துவிட்டது. ஒற்றைக்கொம்பன் விளிம்பிலிருந்து சரிகிறான். உன் இரண்டு கைகளும் அவன் இடுப்பில் இருக்கின்றன. அக்கா, விடுகிறாயா, பிடித்துக்கொள்கிறாயா?

மைத்துனருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

விடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, முகம் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்றுமே நடக்காதது போல என்று எழுதியிருக்கிறாய். நான் உள்ளே போனது முகம் கழுவ இல்லை. அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கம் வரவில்லை. தண்ணீர்தான் வீணானது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் போகிறேன் என்றால், போகாதே என்று நீ சொல்ல மாட்டாய். "சரிக்கா, பார்த்துப் போ" என்பாய். அப்பா போனபோதும் உன் மனைவி போனபோதும் எல்லாவற்றுக்கும் நீ சரி என்றுதான் சொன்னாய். அந்தச் சரியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் செடிகளிடம் சொல்லிவிட்டு வந்தேன், அவை பதில் பேசாது.

நீ எனக்குச் செய்ததை நான் மறக்கப்போவதில்லை. எனக்கு எதுவும் மறக்காது என்று தெரியும் உனக்கு. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, மாலை ஆறே கால், தம்பி கோபத்தில் பொய்த் தீர்ப்புச் சொன்னான். அது இருக்கும். அதற்குப் பக்கத்தில், ஒட்டிய உறையைப் பிரித்து உண்மையை எழுதினான் என்பதும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணி பேருந்தில் ஏறுகிறேன், இரண்டரைக்கு வந்துவிடும். மைத்துனருக்கு நான்காவதாக ஒரு நாற்காலி போடு. என் இடத்தைக் கேட்டாரே தவிர, ஆட்டத்தைக் கேட்டாரா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கோட்டைக்குள் நால்வராகப் போனால் குறைந்தா போய்விடுவோம்? நான் திரும்பவும் அங்கேயே வந்துவிடுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே மகள் வேலைக்குப் போகிறாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நானும் இருக்க ஆசைப்பட்டுத்தான் வந்தேன். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை என்னுடையது. மகளிடமும் மருமகனிடமும் சொல்லிவிட்டேன். இந்தக் கதை முடிந்தால் அடுத்ததைத் தொடங்கு, மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். தையல்காரரிடம் பட்டனுக்காக நான் வருத்தப்பட்டதாகச் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

வரும்போது நீல நோட்டை வாங்கிக்கொண்டு போவேன், உன் கையாலேயே ஏழாம் விதியை அடித்து எழுதி வை. அது இங்கே தேவைப்படுகிறது. சம்பந்தியம்மாள், மாப்பிள்ளையின் அம்மா, மத்தியானங்களில் என் எதிரில் உட்கார்ந்து நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். சொன்னேன். மறுநாள் தனக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றார். வாள் வேண்டாம், மந்திரம் வேண்டாம், தானும் மல்யுத்தக்காரிதான் என்றார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, இதில் மட்டும் விடுவாரா? எழுதி வைத்த ஏழு விதிகளையும் வாயால் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா, அதுல பிடிச்சவர் யாரு, பிடிபட்டவர் யாரு சம்பந்தி?"

தெரியவில்லை என்றேன். நீ வாசித்துக் காட்டியதில் அது இல்லை. பெரிய புத்தகத்தைப் பார்த்து வை. அதிலும் இல்லையென்றால் நீயாக எதையும் எழுதிவிடாதே. நான் வருகிறேன், உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

அக்கா